எதுவும் உடையாத மூன்று பழுதுகள்

பழுது பார்க்கும் கடைக்கு மிக்சி வரும், கெட்டில் வரும், கைப்பிடி கழன்ற இஸ்திரிப் பெட்டி வரும். அன்று பகல் பதினொரு மணிக்கு வந்தது ஒரு கேக். மேலெல்லாம் கரிக்கட்டையாய்க் கறுத்து, நடுவில் வாய் பிளந்து, வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. கொண்டுவந்த பெண் அதை மேசைமேல் வைத்தாள். கம்பவுண்டர் பழக்கதோஷத்தில் ஒரு சீட்டை எடுத்து, 'கேக் – ஒன்று' என்று எழுதி, நூலையும் கையில் எடுத்துவிட்டார். அதை எதில் கட்டுவது என்று அப்புறந்தான் விழித்தார்.

இந்தக் கம்பவுண்டர் எந்த வைத்தியரிடமும் மருந்து கலக்கியவர் அல்லர். கடைக்குச் சொந்தக்காரரான மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி, வயது நாற்பத்தைந்து. மெக்கானிக்குக்கு ஊரார் 'மிக்சி டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் ஒரு கம்பவுண்டர் இருக்க வேண்டுமல்லவா? முதல் நாள் அது வேடிக்கையாக இருந்தது. ஒன்பதாவது ஆண்டில் அப்படி இல்லை. கெட்டிலுக்குச் சூடேற்றும் கம்பி மாற்ற அவருக்குத் தெரியும். குக்கரின் ஆவி எங்கே கசிகிறது என்று காது வைத்தே சொல்வார். ஆனால் வருகிறவர்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு பார்வை ஒவ்வொரு முறையும் அவருக்குள் எறும்பு கடித்தாற்போல ஒரு சிறு தடிப்பை எழுப்பும். சொறியவும் முடியாது, பிறரிடம் காட்டவும் முடியாது.

அவருக்கென்று கடையில் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, சீட்டு. வரும் ஒவ்வொரு பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணில் பட்டதை எல்லாம் சீட்டில் எழுதிக் கட்டுவார். வேலை முடிந்ததும் அந்தச் சீட்டு சுவர் ஆணியில் ஏறும். மற்றொன்று, தொலைந்ததைத் தேடித் தருவது. அந்த வாரத்தில் மட்டும் மெக்கானிக்கின் சிறிய திருப்புளி மூன்று முறை காணாமற்போனது. கடையே தலைகீழான பிறகு, மூன்று முறையும் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் கம்பவுண்டர்தான். "என் மச்சான் கண்ணுக்குத் தப்பி ஒரு ஊசி போகாது" என்று மெக்கானிக் வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கம்பவுண்டர் இரண்டு நாள் வயிறு நிறைந்தவராக நடமாடினார்.

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, கேக்கின் மேற்புறத்தை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளை இருவருக்கும் தெரியும். அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் வாழும் குடும்பத்தில் மூத்தவனின் மனைவி. அவளும் தம்பியின் மனைவியான ஓரகத்தியும் சேர்ந்து வீட்டிலேயே கேக் சுட்டு, ஒரு கல்லூரியின் சிற்றுண்டிச் சாலைக்கு அனுப்பிவந்தார்கள். சுடுவது இளையவள், மேலே பூ வேலை செய்வதும் பெட்டி கட்டி அனுப்புவதும் மூத்தவள். ஊரில் அதற்கு 'அக்கா கேக்' என்று பெயர் நிலைத்திருந்தது.

அவள் சொன்ன கதை இதுதான். மூன்று வாரத்துக்கு முன் மிக்சி சுற்றவில்லை. மோட்டாரின் தலையில் ஜாரைப் பிடித்துச் சுழற்றும் பூப்போன்ற கறுப்புச் சக்கரம், கடைக்காரர்கள் கப்ளர் என்பார்களே, அது இருந்த இடத்தில் இல்லை. மிக்சியைக் கடைக்கு அனுப்பிப் புதிய கப்ளர் போட்டுக்கொண்டார்கள். பத்து நாளுக்கு முன் ஃபிரிட்ஜின் கதவு தானாகத் திறந்து கிடந்தது. வெண்ணெய் உருகி வழிந்தது. தம்பிக்காரன் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிவைத்தான். நேற்று அவள் வெளியே போயிருந்த நேரத்தில் இளையவள் மின்சார அடுப்பில் எட்டு கேக்குகளை ஒரே வரிசையாக வைத்திருக்கிறாள். எட்டும் இந்தக் கோலத்தில் வெளியே வந்தன. நாளை நண்பகலுக்குள் புதிதாக எட்டு கேக் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சிற்றுண்டிச் சாலைக்காரர் சொல்லிவிட்டார்.

"அது போனாப் போகட்டும்" என்றாள் மூத்தவள். "எல்லாம் நான்தான் வேணும்னே கெடுக்கறேன்னு என் ஓரகத்தி சொல்றா. நல்லா சுடறான்னு காலேஜ்ல அவளைப் பாராட்டினது எனக்குப் பொறுக்கலையாம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வேன் சொல்லியிருக்கா. தனியாப் போறா. பதினோரு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். கெட்டது மெஷினா, மனுஷக் கையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

மெக்கானிக் ஆணியிலிருந்த சீட்டுக் கொத்தை எடுத்து, அந்த வீட்டுச் சீட்டுகள் இரண்டைப் பிரித்தெடுத்தார். மூன்று வாரம் முந்தியது: 'கப்ளர் காணோம். தண்டில் பழைய கீறல் தவிரப் புதுக் கீறல் இல்லை.' ஆறு மாதம் முந்தியது: 'கப்ளர் பல் உடைந்தது. தண்டில் குறடு பட்ட கீறல்.' இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டு வர்றோம். எல்லாரும் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

வழியெல்லாம் கம்பவுண்டருக்கு வாய் ஓயவில்லை. வேலை செய்கிறவள் ஒருத்தி, பெயர் வாங்குகிறவள் இன்னொருத்தி. சுட்டது தங்கை, பெட்டியில் இருப்பது அக்கா பெயர். எந்த நெஞ்சுதான் பொறுக்கும்? இளையவளே கெடுத்துவிட்டுப் பழியை அக்கா தலையில் போடுகிறாள். இதற்குத் திருப்புளி கூட வேண்டியதில்லை என்றார். அவர் பேச்சில் இருந்த சூடு அந்த வழக்குக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. மெக்கானிக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

"பிளக்கைப் பார்க்காம மோட்டாரைக் கழட்டக் கூடாது, மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாடுகள் இருந்தன. பாத்திர அலமாரியின் மேல் தட்டு காலி. கரண்டிகள் இரண்டாகப் பிரிந்து இரண்டு குவளைகளில் நின்றன. இளையவள் மூலையில் அமர்ந்து செய்தித்தாளில் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தாளே தவிர, மூத்தவள் இருந்த பக்கம் கண் திருப்பவில்லை. தம்பிக்காரன் கதவில் சாய்ந்து நின்றான். உணவு மேசையில், தண்ணீர் மீட்டர் அளவெடுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்த, மூத்தவளின் கணவரான மூத்தவர், நீல அட்டை போட்ட தம் அளவுப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் பேனாவோடு, மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டரும் நின்றது.

"டாக்டர் வந்தாச்சு. இனி நமக்கென்ன கவலை" என்றார் மூத்தவர், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

"நீங்க மட்டும் கை வைக்காம இருங்கண்ணே, இறுக்கிடுவீங்க" என்றான் தம்பி. அந்த வீட்டில் ஆறு மாதமாக வழங்கும் வேடிக்கை அது. இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அதற்கு மட்டும் இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் உதடு லேசாக நெளிந்தது. மூத்தவரும் சிரித்தார். கடன் வாங்கிச் சிரித்த சிரிப்பு.

அந்த வேடிக்கை பிறந்த நாள் கம்பவுண்டருக்கு நினைவிருந்தது. அதற்கு முன் அந்த வீட்டில் எது கெட்டாலும் மூத்தவர்தான் சரிசெய்வார். வீட்டார் அவரை 'என்ஜினியர்' என்று அழைத்த காலம். ஆறு மாதத்துக்கு முன், தேய்ந்த கப்ளரைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் குறடு வைத்துப் போராடி, அதன் பல்லை உடைத்துவிட்டார். மெக்கானிக் வந்து, இரண்டு விரலால் மறுபக்கம் திருப்பி எடுத்துக் காட்டினார். மற்ற திருகு மறைகள் எல்லாம் இடப்பக்கம் திருப்பினால் கழலும். கப்ளருக்கு மட்டும் மறை நேர்மாறு, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். "பாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா இறுக்கிக்கிட்டே இருந்திருக்காரு" என்று அவர் விளையாட்டாகச் சொல்ல, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் மூத்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓர் ஆணி ஆடினாலும் கடைக்குத்தான் ஆள் வந்தது.

மெக்கானிக் அடுப்பிலிருந்து தொடங்கினார். ஒரு தாளில் ஒரு கரண்டிச் சர்க்கரையைப் பரப்பி உள்ளே வைத்து, குமிழை நூற்றைம்பது டிகிரிக்குத் திருப்பினார். சர்க்கரை உருக நூற்று எண்பதுக்கு மேல் சூடு வேண்டும். அடுப்பு சரியாக இருந்தால் அது வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று விளக்கினார். அது சுடும் நேரத்தில் ஃபிரிட்ஜிடம் போனார். கதவு ஓரத்து ரப்பருக்கு இடையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகவே பிடித்தது. ரப்பரில் குற்றமில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி நீர் ஊற்றி ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தார். நீர் மட்டம் வாசல் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஃபிரிட்ஜ்னா கொஞ்சம் பின்னால சாய்ஞ்சு நிக்கணும். அப்பதான் கதவு தானா மூடும். இது முன்னால குனிஞ்சு நிக்குது" என்றார்.

கம்பவுண்டர் தரையில் படுத்துக் கையை விட்டார். பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் மடித்த அட்டைகள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு. ஓரம் பிளேடு வைத்து வெட்டப்பட்டிருந்தது. வெளிப்புறம் வெளுத்த நிறம். கேக் பெட்டிகளுக்கு அட்டை வெட்டுகிறவள் இளையவள் என்பது நினைவுக்கு வர, அவர் மெக்கானிக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மெக்கானிக் அட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், வேறொன்று கேட்டார். கதவு திறந்த அன்று, கதவுத் தட்டில் இருந்த பால் பாட்டில்கள் என்ன ஆயின?

"அதிசயமா அன்னைக்கு உள் தட்டுல இருந்துச்சு" என்றாள் மூத்தவள். "அவதான் மாத்தி வச்சிருப்பா." தான் தொடவேயில்லை என்று மூலையிலிருந்து பதில் வந்தது, ஆனால் அது சுவருக்குச் சொல்லப்பட்டது.

கால் மணி கழித்து அடுப்பைத் திறந்தபோது சர்க்கரை தேன்போல உருகிப் பழுப்பாகியிருந்தது. மெக்கானிக் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, குமிழை நேராக வெளியே இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே இருந்த அச்சின் பற்களில் அதைச் சில பற்கள் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். முள் நூற்றைம்பது காட்டும்போது உள்ளே இருநூறுக்கு மேல் கொதிக்கும். குமிழின் குழிக்குள், அது ஆடாமல் இருக்க ஒரு சிறு அட்டைத் துணுக்கு செருகப்பட்டிருந்தது. மெக்கானிக் அதை வெகு நேரம் பார்த்தார்.

கடைசியாக மிக்சி. நால்வரையும் வரிசையாக அழைத்து, கப்ளரைக் கையால் கழற்றச் சொன்னார். இளையவள் இடப்பக்கம் திருப்பினாள், வரவில்லை. மூத்தவளும் அப்படியே. தம்பி இடப்பக்கம் திருகி, முகம் சிவந்து, கையை உதறினான். மூத்தவர் எழுந்து வந்தார். கப்ளரைப் பிடித்தார், ஒரு நொடி நின்றார், பிறகு இடப்பக்கம் திருப்பினார். "எனக்கும் வரல" என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். யாருக்குமே வரவில்லையே என்று கம்பவுண்டருக்கு ஏமாற்றமாக இருந்தது.

மெக்கானிக் கை கழுவுகிற சாக்கில் அவரைக் கொல்லைப்புறக் குழாயடிக்கு அழைத்துப் போனார்.

"எப்படின்னு தெரிஞ்சுபோச்சு, மச்சான். யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. ஏன்னுதான் புரியல" என்றார் தணிந்த குரலில். "மூணு பழுதுல ஒண்ணுகூட உடைச்சது இல்ல. செஞ்ச ஆளே நினைச்சா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். ஃபிரிட்ஜைச் சாய்க்கறதுக்கு முன்னால பாட்டில் உடையக் கூடாதுன்னு எடுத்து உள்ள வச்சிருக்காங்க. குமிழைத் தப்பா மாட்டினதுக்கு அப்புறம், அது ஆடக் கூடாதுன்னு அட்டை வேற வச்சிருக்காங்க. பொறாமைக்காரன் உடைப்பான், கொட்டுவான். கெடுக்கும்போதுகூட இத்தனை அக்கறையா ஒருத்தர் ஏன் கெடுக்கணும்?"

குழாயிலிருந்து நீர் ஓடிக்கொண்டேயிருந்தது. கம்பவுண்டரின் காது நுனி மெல்லச் சூடேறியது. கழுத்து வழியாக அந்தச் சூடு இறங்கியது. வழியெல்லாம் இளையவளைப் பற்றி அளந்த வாய் இப்போது ஒட்டிக்கொண்டது.

"கெடுக்கறதுக்கு இல்ல, அத்தான்" என்றார் கடைசியில், குழாயைப் பார்த்துக்கொண்டு. "கூப்பிடணும்னு."

"என்ன?"

"பொருள் கெட்டா, 'இதைக் கொஞ்சம் பாருங்களேன்'னு கூப்பிடுவாங்கல்ல. அதுக்கு. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிக் காட்டலாம்ல. பொருள் சாகக் கூடாது. மயங்கி விழணும், அவ்வளவுதான்."

மெக்கானிக் மைத்துனரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் குழாயை மூடினார். "சரி. உள்ள வா. இதை நீதான் சொல்லணும்" என்றார்.

அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். இரு பெண்களும் எதிரெதிர் ஓரங்களில். மெக்கானிக் இரண்டு சீட்டுகளையும் அட்டைகளையும் குமிழையும் வரிசையாக மேசைமேல் வைத்தார்.

"என் மச்சான் எழுதின சீட்டு இது" என்று தொடங்கினார். "காணாமப்போன கப்ளர் தானா விழல, மிக்சி ஓட ஓட அது இறுகத்தான் செய்யும். தண்டுல புதுக் கீறல் இல்ல. அப்படின்னா கழட்டின ஆளுக்கு மறை நேர்மாறுன்னு தெரியும். அதுக்குத்தான் இப்ப எல்லாரையும் திருப்பச் சொன்னேன்."

"யாருக்குமே வரலையே" என்றான் தம்பி.

"வரல. ஆனா மூணு பேர் யோசிக்காமத் தப்பாத் திருப்பினாங்க. தெரியாதவங்க அப்படித்தான் செய்வாங்க. ஒருத்தர் மட்டும் யோசிச்சுத் தப்பாத் திருப்பினார். ஆறு மாசத்துக்கு முன்னால நான் திருப்பிக் காட்டினப்ப நீங்க நாலு பேரும் இங்கதான் இருந்தீங்க. சிரிச்சவங்க மறந்துட்டீங்க. சிரிப்பு யார் மேல பட்டுச்சோ, அவர் எப்படி மறப்பார்?"

மெக்கானிக் மடித்த அட்டையை விரித்தார். வெளுப்பு உட்புறந்தான், மடிப்புக்குள்ளே மறைந்திருந்த முகப்பு நீலம். மூத்தவரின் முன்னால் கிடந்த அளவுப் புத்தகத்தின் அதே நீலம். குமிழுக்குள் இருந்த துணுக்கும் நீலந்தான். இளையவள் வெட்டும் பெட்டி அட்டை இருபுறமும் வெள்ளை என்பதைக் கம்பவுண்டர் அப்போதுதான் கவனித்தார். வெட்கம் அவருக்கு இரட்டிப்பாயிற்று.

மூத்தவள் கணவரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபங்கூட வரவில்லை. கணக்குத் தப்பாக வந்த குழந்தையைப் போல விழித்தாள். தன் பிழைப்பைத் தன் புருஷனே கெடுப்பாரா என்ற கேள்வி அவள் முகத்தில் எழுதியிருந்தது. மெக்கானிக் மைத்துனரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கம்பவுண்டருக்கு நேராகச் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் கேட்ட கதை ஒன்று என்று ஆரம்பித்தார்.

"ஒரு வீட்டு வாசல்ல ஒரு மின்மினி இருந்துச்சாம். சாயங்காலமானா வீட்டுல எல்லாரும் வெளிய வந்து அதைத்தான் பார்ப்பாங்க. ஒரு நாள் அந்த வீட்டுக்கு விளக்கு வந்துச்சு. அப்புறம் மின்மினியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. அது காத்துகிட்ட போய், 'ஒரு தடவை அந்த விளக்கை அணைச்சுடேன், என்னைத் தேடுவாங்க'ன்னுச்சு. காத்து அணைச்சுது. எல்லாரும் தீப்பெட்டியைத் தேடினாங்க. இன்னொரு தடவை அணைக்கச் சொல்லுச்சு. அப்பவும் தீப்பெட்டிதான். மூணாவது தடவை காத்து கொஞ்சம் வேகமா வீசிடுச்சு." அவர் நிறுத்தினார். "கூரை போயிடுச்சு. கூரையைத் தூக்கச் சொல்லி மின்மினி கேட்கவே இல்ல."

மூத்தவர் இரண்டு கைகளையும் அளவுப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். பேசத் தொடங்கியபோது அவர் குரல் யாரையும் நோக்கி இல்லை. மிக்சி நின்ற அன்று மேசைக்குப் பக்கத்திலேயே காத்திருந்தாராம். தம்பி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டான். கதவு திறந்த அன்று, கேட்பார்கள் என்று டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சமையலறைப் பக்கம் நடந்தாராம். அதற்குள் கயிறு வந்துவிட்டது. அடுப்பில் எப்போதும் மூத்தவள் முதலில் ஒரே ஒரு சின்ன பிஸ்கட் வைத்துச் சூடு பார்ப்பாள். அது கருகினால் கூப்பிடுவாள் என்று நினைத்தாராம். அவள் வெளியே போவாள் என்றும், இளையவள் எட்டையும் ஒன்றாக வைப்பாள் என்றும் அவர் நினைக்கவில்லை.

"வேன் வருதுன்னு நேத்தே தெரியும்" என்றார். "சொல்லணும்னு நாலு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்கன்னு பயம்."

எழுந்து உள்ளே போய், நீல அட்டையில் பொதிந்த ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்று வாரத்துக்கு முன் காணாமற்போன கப்ளர். துடைத்து எண்ணெய் தடவியிருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஒருத்தியை ஒருத்தி என்று இரண்டு பேரைச் சுற்றி வந்தது. பாவம் நடுவிலேயே உட்கார்ந்து மீட்டர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தம் கண்ணாடியைத் துடைத்தார்.

"முதல் பழுது என் வாய்ல வந்தது" என்றார் மூத்தவரிடம். "அன்னைக்கு அதை உங்க காதோட சொல்லியிருக்கணும். சபைல சொன்னது என் தப்பு."

இளையவள் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள். பிறகு முதன்முறையாக மேசையின் எதிர் ஓரத்தைப் பார்த்து, "நான் உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன்க்கா" என்றாள். நானும்தான் சொன்னேன் என்றாள் மூத்தவள். மூத்தவள் எழுந்தாள். மேசைமேலிருந்த குமிழை எடுத்தாள். மெக்கானிக் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கறேன்ல. நாளைக்கு மதியத்துக்குள்ள எட்டு கேக் போகணும். உங்க மேல இருக்கிற கோவத்தை அப்புறமாப் படறேன். இப்ப சரி பண்ணிக் குடுங்க."

மூத்தவர் அடுப்பின் முன் மண்டியிட்டார். அச்சின் பல்லை எண்ணிக் குமிழைப் பொருத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, ஆட்டிப் பார்த்தார். தம்பி பழைய வழக்கத்தில், "அண்ணே, இறுக்..." என்று தொடங்கினான். அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வையில் மீதிச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றது. இரண்டாவது கரண்டிச் சர்க்கரை உள்ளே போனது. கால் மணி நேரம் ஆறு பேரும் கண்ணாடிக் கதவின் வழியாக ஒரு கரண்டிச் சர்க்கரையை, அது ஏதோ பேசப்போகிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெள்ளையாகவே இருந்தது.

"பெரியத்தான்" என்றாள் இளையவள். "இன்னும் நாலு நாள் நான் உங்ககூடப் பேச மாட்டேன். ஆனா வேன்காரனுக்கு நீங்கதான் போன் பண்ணி வேணாம்னு சொல்லணும்." மூத்தவர் தொலைபேசியைத் தேடி எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது.

கடைக்குத் திரும்பும் வழியில் கம்பவுண்டர் பேசவில்லை. போகும்போது இருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று தெரு நாய்க்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். கடையைத் திறந்து மெக்கானிக் வேலை மேசையில் அமர்ந்து, அந்த வீட்டுச் சீட்டுகள் இரண்டையும் ஆணியில் மாட்டினார். பிறகு கையை மேசைமேல் துழாவினார்.

"என் சின்னத் திருப்புளி எங்கே, மச்சான்?"

அன்று காலை, கேக் வருவதற்குச் சற்று முன்னால், அதை எடுத்து ஒளித்துவைத்தவரே கம்பவுண்டர்தான். தேடுவதுபோலக் குனியலாம், இரண்டு தகரப் பெட்டிகளைத் தூக்கிப் பார்க்கலாம், இதோ என்று கொடுக்கலாம். அவர் நேராகத் தம் மேசைக்குப் போய், சீட்டு நூல் வைத்திருக்கும் இழுப்பறையைத் திறந்து, அதை எடுத்துவந்து நீட்டினார். தலை குனிந்திருந்தது.

"எப்ப இருந்து தெரியும், அத்தான்?"

"மூணாவது தடவையே" என்றார் மெக்கானிக். "தொலைஞ்ச சாமான் எல்லாம் எப்பவும் ஒரே இழுப்பறையிலதானே கிடைக்குது. ஆனா ஏன்னு இன்னைக்குக் குழாயடியிலதான் புரிஞ்சுது."

அவர் திருப்புளியை வாங்கவில்லை. மேசைமேல், கழற்றிப்போட்ட மிக்சி ஒன்று காலையிலிருந்து காத்துக்கிடந்தது. எழுந்து, தம் நாற்காலியை மைத்துனர் பக்கமாகத் திருப்பினார். கம்பவுண்டர் திருப்புளியோடு அதில் உட்கார்ந்தார்.

வாசலில் ஒரு பெண் கெட்டிலோடு வந்து நின்று, கம்பவுண்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "டாக்டர் இல்லையா?"

"இதோ உக்காந்திருக்காரே" என்றார் மெக்கானிக். பேனாவையும் நூலையும் எடுத்துக்கொண்டு முன் மேசைக்கு வந்து, "சொல்லுங்கம்மா, கெட்டிலுக்கு என்ன செய்யுது? நான் சீட்டு எழுதிக்கறேன்" என்றார்.